சொல்லும் பகடையும்: பாத்திரமேற்பு ஆட்டங்களில் பேச்சுத்திறனின் வரலாறு

ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் அமர்ந்திருக்கிறார்கள். நால்வர் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்றிருக்கிறார்கள். ஐந்தாமவர் நடுவர், அவர் ஓர் உலகை விவரிக்கிறார், அவ்வுலகின் பிற மாந்தர் அனைவருக்கும் அவரே குரல் கொடுக்கிறார். "அரக்கனை வாளால் வெட்டுகிறேன்" என்கிறார் ஆட்டக்காரர் ஒருவர். நடுவர் பகடையை உருட்டச் சொல்கிறார். வந்த எண்ணோடு பாத்திரத்தின் வலிமைக்குரிய எண்ணைக் கூட்டிப் பார்த்து, வெட்டு விழுந்ததா இல்லையா என்று அறிவிக்கிறார். எழுந்து நின்று வாள் சுழற்றிக் காட்டும்படி யாரும் கேட்பதில்லை. அடுத்தவர், "கோட்டைக் காவலனிடம் பேசிக் கதவைத் திறக்க வைக்கிறேன்" என்கிறார். இப்போது நடுவரின் கை பகடைக்குப் போவதில்லை. "அவனிடம் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

வெட்டுக்கு ஒரு நியாயம், சொல்லுக்கு வேறொரு நியாயம். இது ஏன் என்ற கேள்வி இவ்வாட்டங்களோடு கூடவே பிறந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அவற்றைத் தொடர்ந்து வருகிறது. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். அதற்கு மதிப்பெண் இட வேண்டிய தேவை அவருக்கு நேரவில்லை. இந்த ஆட்டங்களை வடிவமைத்தவர்களுக்கு நேர்ந்தது. பேச்சை எண்ணாக்கலாமா, ஆக்கினால் எதை அளப்பது, அளந்த பின் எதிரில் இருப்பவனின் மனம் என்னவாகிறது என்று அவர்கள் பட்ட பாடு, மொழியில் அக்கறை உள்ள எவருக்கும் அறியத் தக்கது என்று கருதுகிறோம்.

அறிமுகம் இல்லாத வாசகர்களுக்காக ஒரு சொல். நாம் இங்குப் பேசுவது கணினித் திரையில் ஆடப்படும் ஆட்டங்களைப் பற்றி அன்று. தாள், பென்சில், சில பகடைகள், ஒரு விதிநூல், மாலைப்பொழுதை ஒதுக்கக்கூடிய நாலைந்து பேர் ஆகியவையே இவற்றுக்குத் தேவை. கதை முன்கூட்டி எழுதப்படுவதில்லை. பேசப் பேச உருவாகிறது.

போர்க்களத்திலிருந்து ஒரு சிற்றூருக்கு

இவ்வாட்டங்களின் மூதாதை போர்ப்பயிற்சி. பிரஷ்யாவில் தந்தை தொடங்கிய முயற்சியைத் திருத்தி, 1824-இல் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் 'கிரீக்ஸ்ஷ்பீல்' எனும் ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார். நிலப்படம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் கட்டைகள், பகடை, இழப்புகளைக் கணக்கிடும் அட்டவணைகள், இவை அனைத்தையும் இயக்க ஒரு நடுவர். நாளடைவில் அட்டவணைகளே ஆட்டத்துக்குப் பாரமாயின. 1876-இல் வெர்டி து வெர்னுவா எனும் பிரஷ்யத் தளபதி அவற்றை ஒதுக்கிவிட்டு, களம் கண்ட ஒரு நடுவரின் தீர்ப்பே போதும் என்று வாதிட்டார். எழுதப்பட்ட விதியா, நடுவரின் மதிப்பீடா என்ற அந்த வழக்கு, பின்னர் பேச்சுத்திறன் பற்றிய வாதத்தில் வேறு உருவில் திரும்பி வரும்.

அமெரிக்கப் படை அதிகாரி சார்ல்ஸ் டாட்டன் 1880-இல் எழுதிய 'ஸ்ட்ராட்டகோஸ்' எனும் போர் ஆட்ட நூலை, சுமார் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் படித்தார். நடுவர் எந்த முயற்சிக்கும் இடம்கொடுக்கலாம் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 1969-இல் அவர் நண்பர்களுக்காக ஓர் ஆட்டம் அமைத்தார். நெப்போலியன் காலம்; ப்ரௌன்ஷ்டைன் எனும் கற்பனை ஜெர்மானியச் சிற்றூர்; இருபுறமும் படைகள் நெருங்குகின்றன. படைத்தலைவர்களுக்குப் போக எஞ்சிய நண்பர்களுக்கு ஊர்த்தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் போன்ற வேடங்களைத் தந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நோக்கம்.

நடந்தது வேறு. படைகள் மோதுவதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் மூலைக்கு மூலை கூடிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பேரம், சூழ்ச்சி, கூட்டணி. இருவர் தனிச்சண்டைக்கு அறைகூவிக்கொண்டார்கள். அதற்கு விதியே இல்லாததால் வெஸ்லி அங்கேயே ஒன்றைக் கட்டி முடிக்க வேண்டியதாயிற்று. போர் நடக்கவே இல்லை. ஆட்டம் தோல்வி என்று வெஸ்லி நினைத்தார். நண்பர்களோ இன்னொன்று வேண்டும் என்று கேட்டார்கள்.

அடுத்தடுத்த ஆட்டங்களில் ஒன்று லத்தீன் அமெரிக்கக் குடியரசு ஒன்றில் நடந்தது. அதில் டேவ் ஆர்னசன் என்பவருக்கு மாணவப் புரட்சியாளன் வேடம்; துண்டறிக்கை பரப்பினால் புள்ளிகள். ஆர்னசன் போலியான சிஐஏ அடையாள அட்டை ஒன்றைத் தயாரித்து எடுத்து வந்திருந்தார். தாம் உண்மையில் மாறுவேடத்தில் வந்த உளவாளி என்று சக ஆட்டக்காரர்களை நம்பவைத்து, இறுதியில் நாட்டின் கருவூலத்தோடு ஹெலிகாப்டரில் ஏறிப் பறந்தார். போகிற போக்கில் துண்டறிக்கைகளையும் கீழே தூவிப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டார் என்று அவ்வட்டத்தார் இன்றளவும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆர்னசன் அன்று எந்தப் பகடையையும் உருட்டி யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாந்தவர்கள் ரத்தமும் சதையுமான அவருடைய நண்பர்கள். பாத்திரத்தின் திறனுக்கும் ஆளின் திறனுக்கும் இடையே அப்போது கோடே இல்லை.

வசீகரத்துக்கு ஒரு மதிப்பெண்

1971-இல் ஆர்னசன் 'பிளாக்மூர்' என்ற தம் சொந்தக் கற்பனை உலகில் நண்பர்களை உலவவிட்டார். விஸ்கான்சினின் லேக் ஜெனிவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸோடு சேர்ந்து அதை விதிநூலாக்கினார். 1974 ஜனவரியில் மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டியாக 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. முதல் அச்சு 1000 படிகள். வணிக முறையில் அச்சேறிய முதல் பாத்திரமேற்பு ஆட்டம் இதுவே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு இயல்புகள். வலிமை, அறிவு, விவேகம், உடல்திடம், லாவகம் ஆகிய ஐந்தோடு ஆறாவதாக வசீகரம். மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினால் வரும் 3 முதல் 18 வரையிலான எண்ணே ஒவ்வோர் இயல்பின் அளவும். ஆளை ஈர்க்கும் ஆற்றலுக்கு எண் இட்ட இந்தச் செயல், திரும்பிப் பார்க்கையில் துணிச்சலானது. ஆனால் அந்த எண் என்ன செய்தது என்று பார்த்தால் வடிவமைத்தவர்களின் எச்சரிக்கை புலப்படும். வசீகரம் 3 அல்லது 4 உள்ளவருக்கு ஒரே ஒரு சேவகன்தான் நிலைப்பான். 18 உள்ளவருக்குப் பன்னிருவர். சேவகரின் விசுவாசமும் அதற்கேற்பக் கூடும், குறையும். ஒரு சூனியக்காரியின் கையில் அகப்பட்டால் அவள் பன்றியாக்குவாளா, காதலனாக வைத்துக்கொள்வாளா என்பதற்கும் இந்த எண்ணைப் பார்க்கலாம் என்று ஒரு குறிப்பு உண்டு. ஹோமரின் கிர்க்கேயை அறிந்தவர்கள் புன்னகைக்கலாம். ஒரு வாதத்தில் யார் வெல்வார் என்று தீர்ப்புச் சொல்ல மட்டும் அந்த எண் முன்வரவில்லை.

பேச்சுக்கு உண்மையான இடம் வேறோர் அட்டவணையில் இருந்தது. வழியில் எதிர்ப்படும் உயிர் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாதபோது இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 2 முதல் 5 வரை என்றால் பகை. 9 முதல் 12 வரை என்றால் இணக்கம். 6, 7, 8 என்றால் தயக்கம். இரு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் பகைக்குப் பத்து, இணக்கத்துக்குப் பத்து, தயக்கத்துக்குப் பதினாறு. எதிர்ப்படுவனவற்றில் கிட்டத்தட்டப் பாதி, என்ன செய்வதென்று இன்னும் முடிவெடுக்காத நிலையில் நிற்கின்றன என்பது இதன் பொருள். அந்தத் தயக்கத்துக்குள்தான் ஆட்டக்காரரின் சொல் நுழைய வேண்டும்.

நுழையாவிட்டால் உயிர் போகும். முதல் நிலை வீரனின் உயிர்ப்புள்ளிகள் 2 முதல் 7 வரை. ஓர் அடியின் சேதம் 1 முதல் 6 வரை. ஒரே வீச்சில் கதை முடிந்துவிடலாம். அரக்கரைக் கொல்வதற்கான அனுபவப் புள்ளிகளை 1975-இல் வந்த 'கிரேஹாக்' துணைநூல் வெகுவாகக் குறைத்தது. கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி என்ற கணக்கு நீடித்தது. கொல்வதால் கிடைப்பது சொற்பம், சாவதற்கோ வாய்ப்பு மிகுதி. புத்தியுள்ளவர்கள் பேசினார்கள், கையூட்டுக் கொடுத்தார்கள், ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தின் மேல் ஏவிவிட்டார்கள். வாள்வீச்சு ஆட்டம் என்று பெயரெடுத்த ஒன்றில் நாவன்மைக்கு இருந்த பயன் இது.

எழுதப்படாத இந்த நியாயம் பரவலாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. ஆட்டம் ஊர் ஊராகப் பரவியபோது சேவகர்கள் கழன்றுபோனார்கள், எதிர்வினை அட்டவணை புரட்டப்படாமல் கிடந்தது, சண்டை மேலோங்கியது. வீரனாக ஆடியவர்கள் தம் தாழ்ந்த எண் வசீகரத்தில் விழுந்ததற்காக நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

பேச்சு பல கூறுகளாகிறது

அடுத்த இருபது ஆண்டுகளில் பிற ஆட்டங்கள் அந்தக் குறையை நிரப்ப முற்பட்டன. 1977-இல் மார்க் மில்லர் உருவாக்கிய விண்வெளி ஆட்டமான 'டிராவலர்' சமூகத் தகுதியை ஆறு இயல்புகளில் ஒன்றாக வைத்தது. கையூட்டுக் கொடுத்தல், அலுவலக நடைமுறையைச் சமாளித்தல், தெருவின் நெளிவுசுளிவு அறிதல் ஆகியவற்றைத் தனித்தனித் திறன்களாக்கியது. வசீகரம் எனும் மங்கலான ஒளிவட்டத்துக்கு மாற்றாக, வாழ்க்கையில் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில்நுணுக்கங்களாகப் பேச்சு பிரிந்தது இங்கேதான். 1981-இல் சாண்டி பீட்டர்சனின் 'கால் ஆஃப் துலு' வந்தது. அதில் துப்பறிவோர் எதிர்கொள்ளும் தீய சக்திகளைத் துப்பாக்கியால் வெல்வது அநேகமாக இயலாது. ஆகவே சரளமாகப் பேசி ஒருவரைத் திணறடித்தல், சமூகத்தில் நாணயமுள்ளவர் என்ற மதிப்பு, நூலகத்தில் தேடும் திறன் முதலியவை உயிர்காக்கும் கருவிகளாயின.

1985-இல் கிரெக் ஸ்டாஃபோர்ட் வெளியிட்ட 'பெண்ட்ராகன்' எதிர்த்திசையிலிருந்து அணுகியது. ஆர்தர் மன்னனின் வீரர்கள் பற்றிய அவ்வாட்டத்தில் கருணை எதிர் கொடுமை, நம்பிக்கை எதிர் சந்தேகம் என்று பதின்மூன்று இணைகள் உண்டு; ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20. பிறரை அசைக்கும் ஆற்றலை அளப்பதோடு நில்லாமல், தம் பாத்திரம் எதனால் அசையும் என்பதையும் ஸ்டாஃபோர்ட் தாளில் எழுதவைத்தார். கேட்பவனுக்கும் ஒரு மனம் உண்டு, அதற்கும் ஓர் அமைப்பு உண்டு என்று விதியின் மொழியில் சொன்னவர் அவர். 1991-இல் மார்க் ரைன்-ஹேகனின் 'வேம்பயர்: த மாஸ்கரேட்' ஒன்பது இயல்புகளை உடல், சமூகம், மனம் என்று மூன்றாக வகுத்து, வசீகரம், சூழ்ச்சித்திறன், தோற்றம் ஆகிய மூன்றைச் சமூகத்துக்கு ஒதுக்கியது. மூலநூலில் ஆறில் ஒன்றாக இருந்தது இப்போது மூன்றில் ஒன்று.

ஐம்பது எனும் எண்

2000-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது இவ்வளர்ச்சிகள் எல்லாம் தாய் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தன. ராஜதந்திரம், ஏமாற்று, மிரட்டல், உள்நோக்கம் அறிதல் எனத் திறன்கள் வரிசையாயின. எதிராளியின் மனநிலை பகை, வெறுப்பு, அலட்சியம், நட்பு, உதவும் மனம் என ஐந்து படிகளாயிற்று. இருபது பக்கப் பகடையை உருட்டித் திறனுக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். 25 வந்தால் பகைவன் அலட்சியத்துக்கு இறங்குவான். 50 வந்தால் உதவ ஓடி வருவான்.

ஐம்பது எட்டாத உயரம் என்றே எழுதியவர்கள் எண்ணியிருக்க வேண்டும். கூட்டல் புள்ளிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர்களுக்கு அது எட்டியது. கொலைவாளோடு பாய்ந்து வந்தவன் சில கணப் பேச்சில் உயிர்த்தோழனாகிவிடும் வேடிக்கை நிகழ்ந்தது. அப்படி வடிவமைக்கப்பட்ட பாத்திரத்துக்குக் கேலிப்பெயரும் கிடைத்தது. கோளாறு எண்ணின் பருமனில் இல்லை. அட்டவணை ஒரே ஒரு கேள்வியை விட்டுவிட்டிருந்தது: அவனிடம் என்ன கேட்கிறீர்கள்? வழி கேட்பதற்கும் அரியணையைக் கேட்பதற்கும் ஒரே எண். சித்திரக்கதை ஆசிரியரான ரிச் பர்லூ இதற்கு ஒரு மாற்று விதி எழுதினார். கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் உள்ள உறவு என்ன, ஒப்பந்தத்தில் அவருக்கு வரும் லாபம் என்ன, ஆபத்து என்ன என்பவற்றைப் பொறுத்து இலக்கெண் மாறும். எளிய திருத்தம்தான், எதிரில் இருப்பவனுக்குச் சொந்த நலன் ஒன்று உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது.

2008-இன் நான்காம் பதிப்பு, ஒற்றை உருட்டலில் முடியும் காரியத்தைப் பல படிகளாக நீட்டியது. குறிப்பிட்ட எண்ணிக்கை தோல்விகளுக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கை வெற்றிகளைச் சேர்க்க வேண்டும். அந்நூலில் ஒரு பிரபுவோடு நடக்கும் பேச்சுவார்த்தை உதாரணமாகத் தரப்பட்டிருக்கிறது. அவரை மிரட்டினால் பகடை எதுவாயினும் தோல்விதான். அவர் மிரட்டலுக்குப் பணியும் ஆள் அல்லர். எந்த எண்ணாலும் திறக்கப்படாத ஒரு கதவு மனிதனுக்குள் இருக்கலாம் என்று பெருநிறுவனம் ஒன்றின் விதிநூல் சொன்னது குறிப்பிடத்தக்கது. 2014-இன் ஐந்தாம் பதிப்பு ஐந்து படிகளை மூன்றாகச் சுருக்கியது. எதிராளியின் லட்சியம், பற்று, பலவீனம் ஆகியவற்றை உரையாடலில் கண்டுகொண்டால் அவன் மனநிலையைச் சற்றே நகர்த்தலாம் என்றது. அதாவது, பேசத் தெரிந்தவனுக்கு முன்னால் கேட்கத் தெரிந்தவனை வைத்தது. 2024-இன் திருத்தப் பதிப்பும் பிறரை இணங்கவைப்பதைத் தனிச் செயலாக விதிக்குள் வைத்திருக்கிறது.

திக்கும் நாவின் வழக்கு

இந்த எண்களுக்கெல்லாம் ஓர் எதிர்ப்பு இருந்துகொண்டே வந்தது. 2008-இல் மாத் ஃபின்ச் எழுதிய சிறுநூல் ஒன்று பழைய ஆட்டமுறையின் நெறிகளைத் தொகுத்தபோது, விதிக்கு மேல் நடுவரின் தீர்ப்பையும் பாத்திரத்தின் எண்ணுக்கு மேல் ஆட்டக்காரரின் திறமையையும் வைத்தது. வெர்டி து வெர்னுவாவின் குரல் நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டது போல இருந்தது. சண்டையை மேசையில் நிகழ்த்த முடியாது, அதனால் பகடை வேண்டும். பேச்சை நிகழ்த்த முடியும், பிறகு பகடை எதற்கு? உருட்டிவிட்டு "நான் அவனைச் சம்மதிக்க வைத்தேன்" என்று முடித்துக்கொண்டால், ஆட்டத்தின் உயிரான உரையாடலையே அல்லவா தாண்டிக் குதிக்கிறோம்? இவ்வாதத்தின் வலுவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் மறுபக்கத்தில் ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். பலர் முன் பேச நா எழாதவர், திக்குவாய் உள்ளவர், அந்த மொழியைப் பிற்காலத்தில் கற்றவர், தம் குரலைக் கேட்டதும் பிறர் நகைப்பார்கள் என்று சிறுவயதிலேயே பழக்கப்பட்டவர். பலமற்ற கைகளை உடையவர் இங்கே மாவீரனாகலாம். சொல் தடுமாறுபவர் ராஜதூதனாக முடியாதா? பேச்சுக்குப் பகடை கூடாது என்னும் விதி, வாழ்க்கையில் ஏற்கெனவே வென்றுகொண்டிருப்பவர்களுக்கே இங்கும் வெற்றியைத் தருகிறது. வசீகரம் 6 என்று தாளில் எழுதிவிட்டு, தம் சொந்த வாய்ச்சாலகத்தால் ஒவ்வொரு காவலனையும் வளைத்துப் போடும் ஆட்டக்காரர் எல்லா ஊர் மேசைகளிலும் உண்டு. அவர் அந்த எண்ணைச் செலவழிக்கவே இல்லை. அருகில் 18 என்று எழுதிவைத்து வாய்மூடி அமர்ந்திருப்பவர் முழு விலை கொடுத்தும் எதையும் பெறவில்லை.

இரு தரப்பும் ஒன்றைக் கலந்துவிடுகின்றன என்பது நம் எண்ணம். ஒரு பேச்சில் மூன்று கூறுகள் உள்ளன: எதைக் கேட்கிறோம், எந்தக் காரணத்தைக் காட்டுகிறோம், எப்படிச் சொல்கிறோம். முதல் இரண்டும் சிந்தனை சார்ந்தவை. "காவலனின் மகள் நோயுற்றிருப்பதாகச் சந்தையில் கேள்விப்பட்டோம், எங்களிடம் மருத்துவர் இருக்கிறார் என்று அவனிடம் சொல்கிறேன்" என்று தலைகுனிந்தபடி முணுமுணுப்பவரும் முழுமையாக ஆடிவிட்டார். குரலின் ஏற்ற இறக்கம், நிற்கும் தோரணை, சொற்களின் மெருகு ஆகிய மூன்றாவது கூறு வாள்சுழற்றலைப் போன்றது. அதைப் பகடைக்கு விட்டுவிடுவதில் இழப்பு ஏதும் இல்லை. காரணம் வலுவானது என்றால் நடுவர் இலக்கெண்ணைக் குறைக்கலாம். காரணமே இல்லை என்றால், அவ்வளவு அழகான பேச்சுக்கும் உருட்டல் தர வேண்டியதில்லை. அனுபவமுள்ள நடுவர்கள் பலர், விதிநூல் எதுவானாலும், இப்படித்தான் நடத்துகிறார்கள்.

மறுக்கும் உரிமை

இன்னும் ஆழமான கேள்வி ஒன்று எஞ்சுகிறது. நடுவர் குரல் கொடுக்கும் காவலனைப் பகடையால் இணங்க வைக்கலாம். எதிரில் இருப்பது சக ஆட்டக்காரர் ஏற்ற பாத்திரமானால்? என் பகடை உங்கள் மனத்தை மாற்றிவிடுமா? வாள் உங்கள் பாத்திரத்தைக் கொல்லலாம். அதன் விருப்பம் உங்களிடம்தான் இருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் உணர்கிறார்கள். புத்தாயிரத்தில் சிறு அளவில் வெளியிட்ட தனி வடிவமைப்பாளர்கள் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள்.

வின்சென்ட் பேக்கரின் 'டாக்ஸ் இன் த வின்யார்ட்' 2004-இல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கை ஒத்த நிலத்தில், ஊர் ஊராகச் சென்று பாவத்தைக் களையும் இளைஞர்களின் கதை. மோதல் வாக்குவாதமாகத் தொடங்குகிறது. பகடைகள் தீர்ந்து தோற்கும் நிலைக்கு வந்தவர் விட்டுக்கொடுக்கலாம். அல்லது கைகலப்புக்கு, பிறகு துப்பாக்கிக்கு என்று ஏறலாம். ஏறும்போது புதிய பகடைகள் கிடைக்கும். கூடவே படும் காயத்தைத் தீர்மானிக்கும் பகடையும் பெரிதாகும்: பேச்சுக்கு நான்கு பக்கம், துப்பாக்கிக்குப் பத்துப் பக்கம். வாதத்தில் தோற்கும் மனிதன் எந்தக் கணத்தில் துப்பாக்கியைத் தொடுகிறான் என்று ஒவ்வோர் ஆட்டக்காரரையும் தம் பாத்திரத்திடம் கேட்கவைத்த விதி இது. இங்கே எவரும் நம்பும்படி கட்டாயப்படுத்தப்படுவதில்லை. நம்ப மறுப்பதற்கு எவ்வளவு தரத் தயார் என்பதே கேள்வி.

லூக் கிரேனின் 'பர்னிங் வீல்' ஆட்டம், 2005-இன் திருத்தப் பதிப்பில், சொற்போருக்கென ஒரு முழு அமைப்பை வைத்தது. இரு தரப்பும் தம் கோரிக்கையை முதலில் அறிவிக்க வேண்டும். நிறுவல், மறுப்பு, திசைதிருப்பல் என்று நகர்வுகளை மறைவாகத் தேர்ந்து ஒரே நேரத்தில் வெளிப்படுத்த வேண்டும். வென்றவர் தம் வாதத்தின் வலுவில் எவ்வளவு இழந்தாரோ அதற்கேற்பத் தோற்றவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். நீதிமன்றமும் நாடாளுமன்றமும் அறிந்த உண்மைதான்; ஆட்ட விதியாக அதைச் செதுக்கியது கிரேனின் சாதனை.

2010-இல் வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' மிகச் சிக்கனமான விடையைத் தந்தது. இரண்டு பகடைகள், பிடிமானமாக ஏதேனும் ஒன்று, அதாவது மற்றவருக்கு வேண்டியதோ அவர் அஞ்சுவதோ. நடுவரின் பாத்திரம் என்றால் அவர் உறுதிமொழி கேட்பார். சக ஆட்டக்காரரின் பாத்திரம் என்றால், நல்ல உருட்டல் அவர் முன் ஒரு தேர்வை வைக்கும்: இணங்கினால் அனுபவப் புள்ளி, மறுத்தால் இடர்ப்பட்டுச் செயல்பட வேண்டும். முடிவு அவருடையதே. 1974-இன் எதிர்வினை அட்டவணையிலும் இரண்டு பகடைகள்தாம் இருந்தன. அதன் நடுப்பகுதியில் இருந்த தயக்கம், முப்பத்தாறு ஆண்டுகள் சுற்றிவந்து, முடிவெடுக்கும் சுதந்திரமாக இங்கே உருமாறி நிற்கிறது.

மேசையைச் சுற்றி இருப்பவர்கள்

சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் 1983-இல் வெளியிட்ட 'ஷேர்ட் ஃபேன்டசி' இவ்வாட்டக்காரர்களைப் பற்றிய முன்னோடி ஆய்வு. ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் இருக்கிறார் என்று அவர் காட்டினார்: பசியும் களைப்பும் உள்ள மனிதர், விதியறிந்த ஆட்டக்காரர், கற்பனை உலகின் பாத்திரம். நாம் இதுவரை பேசிய எண்கள் அனைத்தும் மூன்றாவது தளத்துக்குரியவை. முதல் தளத்துக்கு எண் இல்லை. அங்கே தேவைப்படும் திறன்களோ சொல்வன்மையைவிட எளியவை, அரியவை: பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருத்தல், வெகுநேரம் பேசாதவரை நோக்கி "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டல், தம் வெற்றியைவிடப் பொதுக்கதையின் சுவையைப் பெரிதாகக் கருதுதல்.

அண்மைய பத்தாண்டுகளில் இத்தளமும் வெளிப்படையாகப் பேசப்படத் தொடங்கியது. தொடரின் முதல் அமர்வுக்கு முன்பே கூடி, எதையெல்லாம் கதையில் தொடக்கூடாது என்று பேசிக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது. ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கிய முறையில் பெருக்கல் குறியிட்ட அட்டை ஒன்று மேசை நடுவே கிடக்கும். யாரேனும் அதைத் தொட்டால், காரணம் கேளாமல் அந்தக் காட்சி கைவிடப்படும். காரணத்தை வாதிட்டு நிறுவ வேண்டிய கட்டாயமின்றி மறுக்க முடிவது பேசத் தயங்குபவர்களுக்கே மிகுதியும் உதவும். அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் இயங்கிவரும் 'கேம் டு க்ரோ' போன்ற லாப நோக்கற்ற அமைப்புகள், சிறார்கள் பிறரோடு பழகும் திறனை வளர்க்க இவ்வாட்டங்களைக் கருவியாகக் கொள்கின்றன. 1980களில் இவ்வாட்டங்கள் பிள்ளைகளைத் தனிமைக்கும் மனப்பிறழ்வுக்கும் தள்ளுகின்றன என்று அதே நாட்டில் பெருங்கூச்சல் எழுந்ததை நினைத்துப் பார்த்தால், காலத்தின் போக்கு வியப்பளிக்கிறது.

பேச்சுத்திறன் இவ்வாட்டங்களில் பயன்படுமா என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை தெளிவானது. தொடக்கம் முதலே அது உயிர்காத்திருக்கிறது. எதை அளப்பது என்பதில்தான் வடிவமைப்பாளர்கள் தடுமாறினார்கள். பேசுபவனின் ஆற்றலை மட்டும் அளந்த விதிகள் கேலிக்குள்ளாயின. கேட்பவனின் விருப்பத்தையும் அச்சத்தையும் கணக்கில் எடுத்தவை நிலைத்தன. இணங்குவதற்கும் மறுப்பதற்கும் விலையை மட்டும் குறித்துவிட்டு முடிவை அவனிடமே விட்டவை அவற்றுள் சிறந்தவை என்பது நம் துணிபு. சொல்லால் வெல்வதைப் பற்றிய நம் பழக்கமான பெருமிதத்துக்கு இது சற்றே ஒவ்வாத முடிவுதான். ஆயினும் இந்த விதிநூல்களைப் படித்து முடிக்கையில், எதிரில் இருப்பவர் "முடியாது" என்று சொல்லக்கூடிய இடத்தில்தான் பேச்சுக்கே பொருள் இருக்கிறது என்று தோன்றுகிறது.